மறு: ‘கிராஸ் பார்டர் ரூரல் டூரிசம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இதுவரை வந்த எல்லா மடல்களையும் மேலிருந்து ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: மதுரையிலிருந்து புறப்பட்டு மானாமதுரை, சாயல்குடி என்று தொழில் நடக்கிற ஊர்களில் தங்கிப் பார்த்து, அப்படியே யாழ்ப்பாணத்துப் பனை ஊர்களுக்குப் போவது, அங்கிருப்பவர்கள் அதே மாதிரி இங்கே வருவது என்று ஒரு திட்ட வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வரைவு தயார். தமிழ் வரைவு தலைப்பிலேயே நிற்கிறது. இந்தத் தாளை முதலில் படிக்கப்போவது பனையேறிகளும், பெட்டி முடைகிற பெண்களும், விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களும். அவர்கள் தலைப்பைப் படித்ததும் ‘இது நம்ம விஷயம்’ என்று தோன்ற வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் அளவுகோல்.

> ‘எல்லை தாண்டிய கிராமியச் சுற்றுலா’ என்று நேராகப் போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, என்ன புரியும் என்பதுதான் கேள்வி. பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பக்கம் ‘எல்லை தாண்டி’ என்றாலே கைது. ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாக’ என்று தொடங்காத நாளிதழ்ச் செய்தி அந்தக் கரையில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். படகு போன வீடு, ஆள் திரும்பாத வீடு எல்லாம் அங்கே இருக்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்து ‘எல்லை தாண்டிய சுற்றுலாவுக்கு வாங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ‘எல்லை கடந்த’ என்று மாற்றினாலும் அடுத்த சொல்லாகப் பயங்கரவாதம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் விட்டுவிடுவோம்.

> இருகரைச் சுற்றுலா எண்டு வைக்கலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில கிடக்கிறது ஒரு கடல்தானே.

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதிய இந்தச் சொல்லைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் ரயில் மானாமதுரை வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போனது. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டபோது எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம். இவ்வளவையும் ‘இருகரை’ என்ற ஒரு சொல் தூக்கிக்கொண்டு வருகிறது. நம் திட்டத்துக்குப் பெயராக அதையே வைத்துக்கொள்ளலாம், எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் கலைச்சொல்லாக வைத்தால் மலை ஏறும்போது கைவிட்டுவிடும். கம்பத்து அக்கா எழுதியதைப் பாருங்கள். கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்புகிறார்கள். தோட்டம் கேரளத்தில், வேலை செய்கிறவர் தேனி மாவட்டத்தில், காய் ஏலத்துக்கு வருவதோ பெரும்பாலும் போடிக்கும் அந்தப் பக்கம் புற்றடிக்கும். அதுவும் எல்லையின் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிற ஒரு தொழில்தான். அங்கே கரை எது?

அதனால் நான் முன்வைப்பது ‘அண்டை’. அண்டை வீடு, அண்டை மாநிலம், அண்டை நாடு என்று மூன்று அளவிலும் புழங்குகிற சொல், யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. எல்லை என்று சொன்னால் கோடு முன்னால் வந்து நிற்கிறது. அண்டை என்றால் அந்தப் பக்கம் இருக்கிற ஆள் வருகிறார்.

அடுத்தது, ‘கைவினை’.

> கைவினைச் சுற்றுலா என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

தம்பி, அதில் எனக்கு இரண்டு சங்கடம். கைவினை என்றதும் எல்லோருக்கும் பொருள்தான் கண்ணில் படுகிறது. சுங்குடிச் சேலை, பத்தமடைப் பாய், கடை, கண்காட்சி, தள்ளுபடி. வாங்கி முடித்ததும் வண்டி கிளம்பிவிடும். இரண்டாவது, பனை ஏறுவது கைவினையா? ஏலக்காய் எடுப்பது? ஆங்கில வரைவின் முழுத் தலைப்பில் கைவினையோடு சேர்த்து ‘வொர்க் கல்ச்சர்’ என்றும் இருக்கிறது, அதை நாம் பாதி வழியில் தொலைத்துவிட்டோம். அதைப் ‘பணிக் கலாச்சாரம்’ என்று போட்டவருக்கு ஒரு வார்த்தை: அது அலுவலகத்தில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது என்கிற பேச்சில் ஊறிவிட்டது. ‘தொழிற்பண்பாடு’ போதும், நல்ல சொல்.

ஐரோப்பாவில் இது எப்படி நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவில் இருக்கிற தாதுமலைப் பகுதியை 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. மொத்தம் 22 இடங்கள், 17 ஜெர்மனிப் பக்கம், 5 செக் பக்கம். அது சுரங்கத் தொழிலாளிகளின் மலை. தாது குறையக் குறைய, ஜெர்மனிப் பக்கம் சைஃபன் என்ற ஊரில் ஆட்கள் மரக்கடைசலுக்கு மாறினார்கள். ஒரு மர வளையத்தைக் கடைசல் எந்திரத்தில் பூட்டி உள்ளும் புறமும் கடைந்து, கழற்றி, குறுக்கே துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாகவோ ஆடாகவோ விழும். கடைகிறபோது அந்த உருவம் அவர் கண்ணுக்குத் தெரியாது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அங்கே போகிறவர்கள் பார்ப்பது வெறும் பொம்மை இல்லை. சுரங்கம் இருந்ததும், வேலை போனதும், குடும்பங்கள் வேறு வேலை கற்றுக்கொண்டதும் சேர்ந்த கதை. இதைக் ‘கைவினை’ என்ற டப்பாவுக்குள் அடைக்க முடியாது.

இன்னொன்று நம் சுங்குடிக்கு நெருக்கமானது. அவுரி நீலத்தில் அச்சுத்துணி போடுகிற ஒரு முறை. அச்சுக்கட்டையால் துணியில் ஒரு பசையை ஒற்றி நீலத்தில் முக்கினால், பசை இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். ஆஸ்திரியா, செக், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஐந்து நாடுகளும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போட்டு 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். மதுரையில் சௌராஷ்டிர வீடுகளில் பசைக்குப் பதில் முடிச்சு. துணியை மடித்து, நகத்தால் துளி துளியாகக் கிள்ளி நூலைச் சுற்றி இறுக்குவார்கள், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். சாயத்துக்குப் பிறகு பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளி. சாயம் ஏறவிடாமல் தடுப்பதுதான் இரண்டு இடத்திலும் வித்தை. சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்தாயிற்று, ஆனால் முடிச்சுப் போடுகிற கைகள் குறைந்துகொண்டே போகின்றன, கடையில் தொங்குவதில் பெரும்பாலும் அச்சுப்புள்ளி. குறியீடு பொருளுக்குப் பெயர் வாங்கித் தருகிறது, முடிச்சுப் போடுகிறவருக்கு நாள்கூலியை அதுவாக ஏற்றித் தருவதில்லை.

இதனால்தான் சொல்லில் தொழிலும் ஊரும் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். சாயல்குடிப் பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதநீர் இறக்குகிறவர் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே மரங்களை முடித்துவிடுவார். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் பதநீர் ரொம்ப நேரம் தாங்காது. வீட்டில் அந்த அம்மா காலையிலேயே அடுப்பை மூட்டி, பனைமட்டையைத் தள்ளித் தள்ளி மணிக்கணக்கில் காய்ச்சவேண்டும். பாகு பதம் வந்ததா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார், அது உருண்டு நிற்கிற அந்த நேரத்தில் இறக்கிச் சிரட்டையில் ஊற்றியாக வேண்டும், தவறினால் அன்றைய கருப்பட்டி போச்சு. மதுரையில் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஒரு வண்டி அங்கே வந்து சேர்ந்தபோது மரத்தில் வேலை முடிந்திருந்தது. போட்டோ எடுக்கவேண்டும் என்பதற்காக அவரை மறுபடி ஏறச் சொன்னார் அழைத்து வந்தவர். உச்சி வெயிலில், காலிக் கலயத்தோடு அவர் ஏறினார். அடுப்படியில் இருந்த அம்மாவிடம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள் என்றார்கள், பாகு பதம் வருகிற நேரம். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு கருப்பட்டி வாங்கினார்கள், மரம் ஏறியதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சுற்றுலா என்ற சொல்லில் யார் சுற்றுகிறார் என்பது இருக்கிறது, யார் வீட்டில் என்பது இல்லை. இலங்கையில் முன்பு ‘உல்லாசப் பயணம்’ என்றுதான் எழுதுவார்கள், இப்போது அங்கேயும் சுற்றுலாவே வந்துவிட்டது என்று அண்ணன் எழுதியிருந்தார், நல்ல மாற்றம். ‘சுற்றுலா’வை எடுத்துவிட்டுப் ‘பயணம்’ என்று போடலாமா என்று யோசித்தேன். ஆனால் துறையின் பெயர், திட்டத் தலைப்பு, நிதிக் கணக்கு எல்லாம் சுற்றுலாவில் இருக்கும்போது நாம் மட்டும் வேறு சொல் போட்டால் விண்ணப்பம் மேசை மேசையாகச் சுற்றும். அதனால் சுற்றுலா இருக்கட்டும், அதற்கு முன்னால் வருவதைத் திருத்துவோம்.

சரி, என் பரிந்துரை: தொழிலூர்ச் சுற்றுலா. எல்லைக்கு இரண்டு பக்கமும் நடந்தால் அண்டைத் தொழிலூர்ச் சுற்றுலா.

ஒரு தொழிலைச் சுற்றி ஓர் ஊரே வாழ்கிறது என்றால் அது தொழிலூர். விளாச்சேரிக்குப் போனவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஒரு வீட்டில் மண் குழைப்பார்கள், ஒரு திண்ணையில் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் காயும், அடுத்த வாசலில் கண் வரைந்துகொண்டிருப்பார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று ஊரின் வருஷமே தொழிலின் கணக்கில் ஓடும். மானாமதுரை மண்பாண்டமும் அப்படித்தான், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கச்சேரி மேடையில் ஏறுகிற கடமும் அதே ஊர் மண். கிராமம், கைவினை, தொழிற்பண்பாடு மூன்றையும் ‘தொழிலூர்’ ஒரே சொல்லில் வாங்கிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

> தொழிலூர் என்றால் தொழிற்பேட்டை மாதிரி இருக்கிறதே. கப்பலூரைச் சுற்றிக் காட்டப் போகிறீர்களா என்று கேட்பார்கள்.

கேட்கலாம், நியாயமான பயம்தான். ஆனால் பேட்டை என்பது பகலில் போய் வேலை செய்துவிட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டு வருகிற இடம். ஊர் என்றால் வீடு, கோயில், திருவிழா, சண்டை சச்சரவு எல்லாம் இருக்கும். நம் ஆட்கள் இந்த வித்தியாசத்தைக் காதிலேயே பிடித்துவிடுவார்கள். ‘தொழில்மரபூர்’ என்று நீட்டச் சொன்னீர்கள், வாயில் நுழையவில்லை. ‘மரபு’ என்று போட்டால், போன தலைமுறையில்தான் ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கிய ஊர்கள் வெளியே நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

அப்புறம், உள்ளே வருகிற தொழிற்சொற்கள். இதில் எனக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு பக்கத்துச் சொல்லையும் அப்படியே வைப்போம், ஒன்றை மற்றதால் மாற்ற வேண்டாம். நாம் பதநீர் என்பதை அங்கே கருப்பநீர் என்கிறார்கள், நம் கருப்பட்டி அங்கே பனங்கட்டி, நாம் பெட்டி முடைகிறோம், அவர்கள் இழைக்கிறார்கள், பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி என்று ஒன்று அங்கே உண்டு, அதைப் பார்த்தால் நம் பக்கத்து அம்மாக்கள் உடனே கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மரம் ஏறுகிறவர் இங்கே பனையேறி, அங்கே சீவல் தொழிலாளி. சட்டமும் மாறுகிறது: சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குகிற கள் இங்கே தடை, அங்கே கூட்டுறவுச் சங்கம் வைத்து விற்கிறார்கள், 1978 முதல் பனைக்கென்றே ஒரு சபையும் இருக்கிறது. இங்குள்ள பனையேறி அங்கே போய் முதலில் கேட்கப்போவது இதைத்தான். வழிகாட்டிக் குறிப்பில் இந்த விஷயத்தை மழுப்பாமல் எழுத வேண்டும்.

வரைவில் சேர்க்கவேண்டிய வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

‘அண்டைத் தொழிலூர்ச் சுற்றுலா: மாநில அல்லது நாட்டு எல்லையின் இருபுறமும் ஒரே தொழிலையோ நெருங்கிய தொழில்களையோ செய்யும் ஊர்களுக்குச் சென்று, தொழில் நடக்கும் பருவத்திலும் நேரத்திலும், தொழில் செய்வோர் குறித்த முறையில் தங்கிக் காண்பது. தொழில் செய்வோரின் நேரத்துக்கும் செய்துகாட்டலுக்கும், பொருள் விற்பனை நீங்கலாகத் தனியே கூலி உண்டு.’

கூலி என்பதை ‘மதிப்பூதியம்’ என்று மாற்றலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குக் கூலியே சரி. எவ்வளவு என்று கேட்டு வாங்க முடிகிற சொல் அது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வருகிறவர்களைத் தன் வீட்டில் வைத்துத் தொழிலைக் காட்டுகிறவருக்கு என்ன பெயர்? ‘விருந்தோம்புநர்’ ஓட்டல் நிர்வாகப் பாடப்புத்தக வாடை. ‘வீட்டுக்காரர்’ என்றே போடலாமா, இல்லை யாழ்ப்பாணத்திலும் கம்பத்திலும் இதற்கு வேறு வழக்கு இருக்கிறதா? அண்ணனும் அக்காவும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வரை வந்ததைச் சேர்த்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் விளாச்சேரியில் வாசித்துக் காட்டப்போகிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற சொல்லை அங்கேயே அடித்துவிடுவோம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து