தரைத்தளத்துக்குக் கோட்டா கல்லா, கிரானைட்டா? பதிக்கும்போது எதைக் கவனிப்பது?

வைகைக்கரை:
மதுரைப் பக்கம் 900 சதுர அடி வீடு, தரைத்தளம் மட்டும். பூச்சு வேலை முடிந்தது, அடுத்து தரை. டைல்ஸை விட்டுவிட்டு இயற்கைக் கல் போடலாம் என்று எண்ணம். கூடத்துக்கும் அறைகளுக்கும் கோட்டா, சமையலறைக்கு கிரானைட் என்கிறார் மேஸ்திரி. கல் தரை உண்மையிலேயே குளிர்ச்சியா? செலவுக்குத் தகுந்த பயன் உண்டா? கான்கிரீட்டுக்கு மேல் தரை மட்டத்துக்கு 2 அங்குலம் விட்டிருக்கிறார்கள். அது போதுமா?

கல்லும் மண்ணும்:
குளிர்ச்சி உண்மைதான், ஆனால் அதில் பாதி மண்ணின் வேலை. கல் பாதத்தின் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூடு இறங்குவதற்குக் கீழே மண் இருப்பதால்தான் தரைத்தளத்தில் மே மாதத்திலும் சில்லென்று இருக்கிறது. மாடியில் இந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. விட்ரிஃபைடு டைல்ஸும் காலுக்குக் குளிரத்தான் செய்யும் என்பதால் குளிர்ச்சிக்காக மட்டும் கல்லுக்குப் போக வேண்டாம்.

கல்லின் பெரிய பயன், மறுபடி மறுபடி பாலிஷ் போடலாம் என்பது. டைல்ஸில் மேல்பூச்சு தேய்ந்தால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். 25 மி.மீ. கோட்டா கல்லில் ஒரு முறை தேய்த்தால் போவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இருபது வருடம் கழித்தும் புதுத் தரை கிடைக்கும்.

மேஸ்திரி சொன்ன பிரிவு சரி. கோட்டா, கடப்பா, தாண்டூர் எல்லாம் சுண்ணாம்புக் கல் இனம். எலுமிச்சை, புளி, தயிர், கழிப்பறை கழுவும் ஆசிட் எது பட்டாலும் பளபளப்பு போய் வெளிறிய தடம் விழும். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட இடம், துடைத்தால் போகாது. மார்பிளுக்கும் இதே கதிதான். கிரானைட்டை இந்தப் புளிப்பு ஒன்றும் செய்யாது.

கிரானைட் வாங்கும்போது கல்லின் பின்பக்கம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கருத்தால், பதித்த பிறகும் ஈரத் திட்டு தெரியும். கறுப்புக் கல் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். துணியில் கறுப்பு இறங்கினால் சாயம் ஏற்றிய கல். கனத்தையும் நாலு மூலையிலும் அளந்து வாங்குங்கள்.

ரசமட்டம்:
2 அங்குலம் போதும், ஆனால் மிச்சமில்லை. கல் 25, கலவை 25 மி.மீ. என்றாலே 50 ஆகிவிடும். கான்கிரீட் எங்காவது மேடாக இருந்தால் முதலில் கொத்தி எடுத்துவிட வேண்டும். மேட்டின் மேல் கலவையை மெலிதாக்கினால் அந்தக் கல்தான் முதலில் கிளம்பும்.

கலவை 1:5, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். 100 சதுர அடிக்கு, சிமெண்ட் பாலையும் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) சேர்த்து 2 மூட்டை சிமெண்ட், 9 முதல் 10 கன அடி மணல். கல்லை 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். தளத்தைக் கூட்டிக் கழுவி நனைத்து, கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் விரிக்க வேண்டும். கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்த்து, திரும்ப எடுக்க வேண்டும். குழி தெரியும் இடத்தில் கலவை நிரப்பி, சிமெண்ட் பால் ஊற்றி, அதன் பிறகே நிரந்தரமாகப் பதிக்க வேண்டும். இந்த "எடுத்து வைக்கிற" வேலையைத் தவிர்த்தால் கல்லுக்கு அடியில் வெற்றிடம் நிற்கும். தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். கனமான பீரோ அங்கே நின்றால் கல் விரிசல் விடும். கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் அறுவைத் தூளைக் கழுவாமல் பதித்தாலும் பிடிப்பு இருக்காது.

மறுநாள் ஒவ்வொரு கல்லையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். அப்போது மாற்றுவது சுலபம். 7 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். பாலிஷ் இரண்டு வாரம் கழித்து.

வைகைக்கரை:
மிக்க நன்றி. கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் விரிக்கவில்லை. பிரச்சினை வருமா? சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் திரவம்) அடித்தால் சரியாகுமா?

ரசமட்டம்:
கீழிருந்து ஈரம் ஏறினால், மணலிலும் தண்ணீரிலும் இருக்கும் உப்பையும் சேர்த்துக்கொண்டு இணைப்புகளில் வெள்ளையாகப் பூக்கும். கோட்டாவில் ஏடு ஏடாக உரிவதற்கும் இது காரணம். கல் பதிக்கும் முன் சிமெண்ட் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடித்து, சுவரிலும் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் கல் பட்டை) உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர் போர் என்றால் கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குவது நல்லது. சீலர் முழுக்க உலர்ந்த பிறகுதான். ஈரத்தோடு அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகத் தெரியும்.

கல்லும் மண்ணும்:
பாலிஷ் பற்றி ஒன்று. சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை, 60, 120, 220, 320 என்று எண் வாரியாகத் தேய்ப்புக் கல்லை மாற்றி மாற்றித்தான் தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் வெயில் வெளிச்சத்தில் காட்டிக் கொடுக்கும். சுவரின் கடைசிக் கை பெயிண்டை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சேறு தெறிக்கும். அந்தச் சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்டச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயில் விட்டால் உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். அந்தக் குளியலறைக்குள் பாலிஷ் போட்ட கல்லே வேண்டாம். சொரசொரப்பான கல் போட்டு வாட்டம் கொடுங்கள்.