சங்கு வாங்கியவர்கள், பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேலமாடிக்காரன்:
ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பக்கத்துக் கடைகள் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவுக்கு வலம்புரி மேல் ஆசை. கடைக்காரர் சிவப்புத் துணியைப் பிரித்து ஒன்றைக் காட்டினார். பெரியப்பா பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கி, சுண்டுவிரலைச் சங்கின் வாய்க்குள் விட்டுத் தடவினார். "உள்ளே நடுவுல இருக்கிற உள்தண்டு வழவழன்னு இருக்கே. நம்ம கடல் சங்குன்னா மடிப்பு தட்டணும்" என்றார். கடைக்காரர் வாயே திறக்கவில்லை. துணியை மறுபடி சுற்றிய வேகம் இருக்கிறதே! அது என்ன சங்கு?

முத்துநகர்:
அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். உயிரோடு வரும் சங்கு வெள்ளையாக இருக்காது. மேலே பழுப்பாக, சொரசொரவென்று ஒரு தோல்; அதைச் சுரண்டினால்தான் வெள்ளை. சின்ன வயதில் ஒன்றை விரலால் தொட்டேன். சதை உள்ளே போய், தடித்த மூடி வாயை அடைத்துக்கொண்டது. ராத்திரி அதையே கறி வைத்தார்கள். நான் சாப்பிடவில்லை.

ஹௌரா ரயில்:
கறியை விடுங்கள். வங்காளத்தில் பிஷ்ணுபூர் போயிருந்தேன். கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையலுக்குச் சங்கு அறுக்கிறார்கள். அறுப்பவரின் இமை முடியெல்லாம் வெள்ளைத் தூள். மூக்கில் ஒரு துணிகூட இல்லை. சங்கு எங்கிருந்து என்றால், "மெட்ராஸ் பக்கம்" என்றார்.

கடலடி:
முதல் பதிவுக்கு வருகிறேன். அது அநேகமாக ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து வேறு இனம். அதில் ஏறக்குறைய எல்லாமே வலம்புரி போலத்தான் சுழலும், அங்கே அது சாதாரணம். நம் மன்னார் வளைகுடாச் சங்கு டர்பினெல்லா பைரம் என்ற இனம். அதில்தான் வலம்புரி அபூர்வம். ஆனால் பெரியவர் செய்த சோதனை மட்டும் போதாது. சாதாரண இடம்புரிக்கும் உள்தண்டில் மூன்று நான்கு மடிப்பு உண்டு. முதலில் தண்ணீர் ஊற்றும் மூக்கு மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. அதற்கப்புறம் மடிப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சு. அரிசியில் வைத்தால் தானே திரும்பும் என்பதெல்லாம் கதை. காதில் வைத்தால் கேட்கும் 'ஓம்' சுற்றுப்புறச் சத்தம்தான், வெறும் டம்ளரிலும் கேட்கும். இதைச் சொன்னதற்கு ஒரு கடைக்காரர் என்னைக் கடையை விட்டுப் போகச் சொன்னார். என் அனுபவம் அவ்வளவுதான்.

முத்துநகர்:
டம்ளர் சரி. பெரியவரைக் குறை சொல்லாதீர்கள். சுழற்சி அவர் கண்ணுக்கே தெரிந்திருக்கும், அதனால்தான் நேரே விரலை விட்டார். எங்கள் ஊரில் மூக்கைத் தூக்கிப் பிடித்தெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.