வீட்டில் துப்பாக்கி: காவலா, கண்டமா?

கரும்புக்காடு (சாட்ஸ்வொர்த்):

அனைவருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் வீதியில் வீடு புகுந்து கொள்ளையடிப்பது பெருகிவிட்டதால், தற்காப்புக்கென ஒரு கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என் மூத்த மகன் அதற்கும் மேலே போய், ஆயுதமில்லாத மக்களைத்தான் அரசு எளிதில் ஒடுக்கும் என்றும், நிறவெறிக் காலத்தில் நம்மவர் ஒவ்வொருவரிடமும் துப்பாக்கி இருந்திருந்தால், இந்தியர் வாழ்ந்த டர்பன் பகுதியான கேட்டோ மேனரிலிருந்து நம்மை எவராலும் கிளப்பியிருக்க முடியாது என்றும் வாதிடுகிறான். கொள்ளையனுக்கு எதிரான காப்பும் அரசுக்கு எதிரான காப்பும் ஒன்றுதானா? விவரமறிந்தவர்கள் கூறுங்கள்.

பழைய வாத்தியாரம்மா (டர்பன்):

ஐயா, நான் வரலாறு கற்பித்தவள்; ஆகையால் மகனுடைய வாதத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். நிறவெறிக் காலத்தில் இந்நாட்டில் தனியார் துப்பாக்கிகளுக்குக் குறைவே இருந்ததில்லை. வெள்ளையருக்கு உரிமம் எளிதாகக் கிடைத்தது, கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. அந்தத் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை ஒடுக்குமுறையைத் தடுக்கவில்லை, அதற்குக் காவல் நின்றன. உரிமம் தருவதும் மறுப்பதும் எந்த அரசின் கையில் இருக்கிறதோ, அந்த அரசுக்கு எதிராகவே உரிமத் துப்பாக்கி நம்மைக் காக்கும் என்று எதிர்பார்ப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

கேட்டோ மேனரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் அரசாணையாகவும் அறிவிப்புக் கடிதமாகவும் வீட்டுக்கு வந்தது. வாசலில் நின்ற எழுத்தரைச் சுட்டிருந்தால் மறுநாள் படை வந்திருக்கும், அவ்வளவுதான். மாறாக, 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்திலும் கடலோரக் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்திய இந்தியக் கூலிகளிடம் துப்பாக்கி இல்லை; சுடப்பட்டார்கள், சிறைப்பட்டார்கள், தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தாள். ஆயினும் அதே ஆண்டில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மீது விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுன் வரி ஒழிந்தது. 1961இல் நிறவெறி அரசுக்கு எதிராக ஆயுதப் போராட்டம் தொடங்கியது உண்மைதான்; ஆனால் அது கட்டளைக்கு உட்பட்ட தலைமறைவு அமைப்பின் போராட்டம். அலமாரியில் தனித்தனியே கைத்துப்பாக்கி வைத்திருந்த குடிமக்கள் நடத்தியதன்று.

பீனிக்ஸ்வாசி:

அம்மா கூறுவது அரசைப் பற்றிச் சரியாக இருக்கலாம். ஆனால் அரசே காணாமற்போகும் நாளில் என்ன செய்வது? 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளும் கிடங்குகளும் எரிந்தபோது நாங்கள் அழைத்த அழைப்புக்குக் காவல்துறையினர் வரவில்லை. வீதிமுனையில் நின்றவர்களிடம் உரிமத் துப்பாக்கி இருந்ததனாலேயே எங்கள் வீதிக்குள் எவரும் நுழையவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன். அதே 2021 மே மாதத்தில்தான், தற்காப்பு என்னும் காரணத்தையே உரிமச் சட்டத்திலிருந்து நீக்கும் வரைவை அரசு வெளியிட்டிருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். கொள்ளையனுக்கு உரிமம் தேவையில்லை. சட்டத்துக்கு அஞ்சுபவன் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா?

மாரிட்ஸ்பர்க் வழக்கறிஞர்:

பீனிக்ஸ்வாசி அண்ணா அந்நாளைப் பற்றிப் பாதியைத்தான் சொன்னார். டர்பனை அடுத்து இந்தியர் மிகுதியாக வாழும் பீனிக்ஸில் அந்நாட்களில் 36 பேர் உயிரிழந்ததாகக் காவல்துறை அமைச்சரே அறிவித்தார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பெரும்பாலோர் சுடப்பட்டவர்கள். அச்சத்தில் நின்ற ஒரு கூட்டத்துக்கு, வழிப்போக்கன் யார், கொள்ளையன் யார் என்று பிரித்தறியும் பொறுமை இருக்கவில்லை. நமக்குக் காவலாகத் தோன்றியது, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வந்தவருக்கு ஒடுக்குமுறையாகவே தோன்றியிருக்கும்.

கொள்ளையனுக்கு உரிமம் தேவையில்லை என்பது மெய்யே. ஆனால் அவனுக்குத் துப்பாக்கி எங்கிருந்து கிடைக்கிறது? ஒரு பகுதி, உரிமம் பெற்றவர்களின் வீடுகளிலிருந்து திருடப்படுவது. இன்னொரு பகுதி அரசின் கிடங்கிலிருந்தே கசிகிறது. அழிக்க வேண்டிய ஏறத்தாழ 2,000 துப்பாக்கிகளைக் கேப் பகுதிக் கும்பல்களுக்கு விற்ற ஒரு முன்னாள் காவல்துறைக் கர்னலுக்கு 2016இல் 18 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இருந்தாலும் உரிமமே கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 21 வயது நிரம்பியவர் தகுதிச் சான்றிதழ் பெற்று, தமக்குத் தற்காப்புத் தேவை இருப்பதையும் அத்தேவையை வேறு வழியில் நிறைவேற்ற இயலாது என்பதையும் காட்டினால், தற்காப்புக்கு ஒரு துப்பாக்கிக்கு ஐந்தாண்டு உரிமம் கிடைக்கும். ஆகவே இரும்புக் கம்பிக்கதவு, எச்சரிக்கை மணி, தனியார் காவல் சேவை ஆகியவற்றை ஏற்கெனவே செய்து பார்த்தீர்களா என்று கேட்பார்கள். திருடன் என்று நினைத்துக் கழிப்பறைக் கதவின் வழியே சுட்டுத் தன் காதலியைக் கொன்றுவிட்டதாகச் சொன்ன ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸைக் கொலைக் குற்றவாளி என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தெரியாமல் சுடுவதைச் சட்டம் தற்காப்பாக ஏற்பதில்லை. விண்ணப்பம் மகன் பெயரில் என்றால், அவர் உடனிருந்து மேற்பார்க்காத நேரத்தில் நீங்கள் அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் குற்றமாகலாம். எனவே யார் பெயரில் உரிமம், பெட்டகத்தின் சாவி யாரிடம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.