காரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. வாரண்டி கிடையாது என்கிறார்கள்

சந்தூர் நர்சரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2021 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சந்தூரில் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. கன்று ஏற்றுவதற்கு வேறு வண்டி உண்டு, இது வீட்டுக்கு மட்டும். அம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்பதற்காகவே வாங்கிய வண்டி. காசு கட்டி வாரண்டியை ஐந்து வருடமாக நீட்டி வைத்திருக்கிறேன், அதில் இன்னும் 5 மாதம் பாக்கி. வாங்கியதிலிருந்து எல்லா சர்வீஸும் தர்மபுரியில் அதே ஷோரூமில்தான்.

சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முன்னால் இரண்டு லாரி, பக்கத்தில் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது கியரில் பின்னாலேயே வந்தேன். ஏசி ஓடியது, வண்டியில் நாலு பேர். சிவப்பு லைட் எரிந்ததும் ஓரம் கட்டி நிறுத்தினேன். பானட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. பதற்றத்தில் துணியைச் சுற்றி ரேடியேட்டர் கேப்பில் கை வைத்துவிட்டேன். பின்னால் நின்ற லாரியிலிருந்து இறங்கி வந்த டிரைவர், "தொடாதீங்க, மூஞ்சி வெந்துரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். முக்கால் மணி நேரம் எங்களோடு நின்றார். ஆறியபிறகு அவரே கேப்பைத் திறந்து, தன் கேனிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினார். அவர் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் விட்டுவிட்டேன், இன்றுவரை அது உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் போர் தண்ணீரில் இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன். அது நான் செய்தது, மறைக்கவில்லை.

மறுநாளே சர்வீஸ் சென்டரில் விட்டேன். கூலண்ட் மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்தோம் என்று 1,350 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் கூலண்ட் ரிசர்வ் டேங்க் பாதிக்கு வந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோனேன். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) போய்விட்டது என்று மாற்றி 4,600. அதற்கு வாரண்டி இல்லையா என்றதற்கு, சிஸ்டத்தில் ரிஜெக்ட் ஆகிறது என்றார்கள். அதன்பிறகு நானே டேங்க் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது பார்த்தேன். வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைகிறது. தரையில் அட்டை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மூன்றாவது தடவை போனபோது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருக்கும், 46,000 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். ரேடியேட்டர் கேப்பின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்தது, எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் அலுமினியப் பாத்திரத்தின் அடியில் இருப்பது போலவே. அதைச் சுரண்டி என் கையில் கொட்டி, "போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க சார், கஸ்டமர் தப்பு, வாரண்டி வராது" என்றார் அட்வைசர். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. "என்னால்தானே இந்த அலைச்சல்" என்று இரவில் சொன்னார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த இரண்டரை லிட்டர் தண்ணீரால் கேஸ்கெட் போகுமா? வாரண்டி இல்லை என்று அவர்கள் வாயால் சொன்னால் அதோடு முடிந்ததா? வெளியில் கொடுத்தால் பாதி விலையில் முடியும் என்கிறார்கள், கொடுக்கலாமா?


பாலக்கோடு டாக்ஸி:

வெளியில் கொடுத்துவிடுங்கள் அண்ணா. நான் 14 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். சர்வீஸ் சென்டரில் சண்டை போட்டு நிற்கிற நாளில் இரண்டு டிரிப் போய்விடும். தெரிந்த பட்டறையில் ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து அடிப்பக்கத்தை மட்டப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டால் 46,000 எல்லாம் வராது.

தொப்பூர் ஏற்றத்தில் ஒன்று கவனியுங்கள். லாரி பின்னால் ஊரும்போது முன்பக்கம் காற்றே வராது. ஃபேன் மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். முள் மேலே போகிறது என்று தெரிந்தவுடன் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். சிவப்பு லைட்டே வந்துவிட்டால் யோசிக்காமல் ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள். அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் ஹெட் வளைந்துவிடலாம்.


தர்மபுரி பட்டறை:

தம்பி, இப்போதைக்கு எந்த பட்டறையிலும் ஹெட்டை இறக்க விடாதீர்கள், என் பட்டறை உட்பட. வாரண்டி உள்ள வண்டியில் வெளியாள் ஒரு போல்ட்டைத் தொட்டாலும் அவர்களுக்குச் சாக்கு கிடைத்துவிடும். டாக்ஸி தம்பி சொல்வது வாரண்டி முடிந்த வண்டிக்குச் சரி.

நான் 9 வருடம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, 13 வருடமாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு இடிப்பது ஒன்றுதான். மூன்று தடவை வண்டி உள்ளே போயிருக்கிறது, பிரஷர் டெஸ்ட் செய்தார்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை. கூலண்ட் குறைகிற வண்டிக்கு முதல் வேலையே அதுதான். கேப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி, கேப் மேல் அச்சடித்திருக்கும் அளவுக்கு, 0.9 அல்லது 1.1 பார் (அழுத்த அளவு) என்று இருக்கும், காற்று ஏற்ற வேண்டும். அப்படியே அரை மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. எங்கே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். இது இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்கிற வேலை.

கீழே சொட்டாமல் கூலண்ட் குறைய வழிகள் உண்டு. கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பில் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தளர்ந்தால் அது வழியாகக் கசியும். இன்ஜின் ஓடும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், சூட்டில் அங்கேயே காய்ந்துவிடும், தரைக்கு வரவே வராது. கூலண்ட் எந்த நிறமோ அந்த நிறத்தில் கோடாகக் காய்ந்து கிடக்கும். பெல்ட் மறைவில் இருப்பதால் குனிந்து பார்க்காதவனுக்குத் தெரியாது. அடுத்து, சூடான கூலண்ட் ஓடும் ஹீட்டர் காயில். அது ஒழுகினால் முன்சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரமாகும், கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் படியும், ஒரு தித்திப்பு வாசனை வரும். மூன்றாவது, கேப்பே. அதன் ரப்பர் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் ஏன் முக்கியம் என்றால், வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், கேப் ஒரு பார் அழுத்தம் பிடித்தால் அதே தண்ணீர் 120 வரை கொதிக்காமல் தாங்கும். சில நூறு ரூபாய் கேப்பால் இன்ஜின் போன வண்டிகளை இந்தக் கையாலேயே இறக்கியிருக்கிறேன்.

கேஸ்கெட் போயிருக்கிறதா என்று ஊகத்தில் சொல்லவே கூடாது. அதற்கும் டெஸ்ட் உண்டு. நீல நிற மருந்து ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓடவிடுவார்கள். எரிந்த புகை கூலண்டுக்குள் கலந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. ஆயில் கேப்பைத் திறந்து, உள்ளே மோர் திரிந்த மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி தண்ணீர் விஷயம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் என்றால் எல்லோரும் ஃப்ளோரைடைத்தான் சொல்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளோரைடு இல்லை, தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும். சூடுபட்டால் அந்த உப்பு குழாயில் ஒட்டும். மாதக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் கேடுதான். நீங்கள் ஊற்றியது ஒரு தடவை, மறுநாளே அவர்களே கூலண்டை மாற்றிவிட்டார்கள். அதிலும் வண்டி சூடான பிறகுதானே தண்ணீர் ஊற்றினீர்கள்? முதலில் கூலண்ட் ஏன் குறைந்தது? அந்தக் கேள்விக்குத் தண்ணீர் பதிலாகாது. இதை அவர்களிடம் அப்படியே கேளுங்கள்.

ஒன்று மட்டும். இனி அவசரத்துக்குத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றுங்கள், சீக்கிரம் கூலண்ட் மாற்றிவிடுங்கள். வழியில் வேறு எதுவும் கிடைக்காவிட்டால் போர் தண்ணீரும் தப்பில்லை. அந்த லாரிக்காரர் செய்தது சரி, உங்கள் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.


காவேரிப்பட்டணம்:

பட்டறை அண்ணன் சொன்ன டெஸ்டைக் கேட்பதற்கு முன்னால் காகிதத்தைச் சரி செய்யுங்கள். கியர்பாக்ஸ் விஷயத்தில் நான் ஒரு வருடம் அலைந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று தடவைக்கும் ஜாப் கார்டு (வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டு) நகல் வாங்குங்கள். வண்டியை விடும்போது நீங்கள் சொன்ன குறை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி மறுப்பை, வாரண்டி புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மெயில் போதும், அதில் கம்பெனியின் கஸ்டமர் கேரையும் சேர்த்து அனுப்புங்கள். வாயால் சுலபமாகச் சொல்கிறவர்கள் எழுத்தில் கொடுக்க யோசிப்பார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூம் தர்மபுரி என்பதால் அங்கேதான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஆகவே உங்களுக்குக் கிருஷ்ணகிரி. பிரச்சினை தொடங்கி 2 வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் தேதி தேதியாகப் போக வேண்டியிருக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் விஷயம் நோட்டீஸோடு முடிந்தது, கியர்பாக்ஸ் மாற்றிக் கொடுத்தார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் அவர் மனம் சங்கடப்பட ஒன்றுமே இல்லை.


சந்தூர் நர்சரி:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி மெயில் போட்டேன். மூன்று ஜாப் கார்டு, ஞாயிறு ஞாயிறு எடுத்த டேங்க் படங்கள், எல்லாம் சேர்த்தேன். கடைசியில் பட்டறை அண்ணனின் கேள்வியை அப்படியே போட்டேன்: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கூலண்ட் குறைந்தது ஏன்? நாலாவது நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மறுநாள் சர்வீஸ் மேனேஜரே அழைத்து, உங்கள் முன்னாலேயே பார்க்கலாம் வாருங்கள் என்றார்.

காலை எட்டரைக்குப் போனேன். பம்ப் மாட்டி 1.1க்கு ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் முள் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒரு சின்னப் பையன், இருபது வயதுகூட இருக்காது, வண்டியை லிஃப்டில் ஏற்றி, வீல் ஆர்ச் கவரைக் கழற்றி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சார், இங்க வாங்க" என்று என்னைத்தான் கூப்பிட்டான், மேனேஜரை இல்லை. வாட்டர் பம்புக்குக் கீழே, விரல் அகலத்தில், ரோஸ் நிறத்தில் காய்ந்த கோடு. ஓரம் உப்புப் பூத்தது போல வெள்ளையாக இருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு உருண்டு நின்றது. மூன்று மாதமாக நான் தேடிய சொட்டு.

நீல மருந்து டெஸ்டும் செய்யச் சொன்னேன். கால் மணி நேரம் ஓடவிட்டார்கள், நீலம் நீலமாகவே இருந்தது. கேஸ்கெட்டுக்கு ஒன்றுமில்லை. நான் 46,000 கட்டியிருந்தால் நல்ல இன்ஜினைப் பிரித்திருப்பார்கள், கசிவும் அப்படியே இருந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாட்டர் பம்ப் வாரண்டியில் மாற்றிவிட்டார்கள். கேப்பும் புதிது. கூலண்டுக்கு மட்டும் காசு கட்டினேன். தெர்மோஸ்டாட்டுக்கு வாங்கிய 4,600 பற்றி இன்னும் பதில் இல்லை. பழைய தெர்மோஸ்டாட்டைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போய்விட்டது என்கிறார்கள். அதை விடப்போவதில்லை, 1915க்கு நேற்று பேசிப் பதிவு செய்துவிட்டேன்.

அந்தப் பையனுக்கு நன்றி சொல்லி வந்தேன். முதல் நாளே அவன் கையில் வண்டியைக் கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.


பாலக்கோடு டாக்ஸி:

ரொம்ப சந்தோஷம் அண்ணா. வெளியில் கொடுங்கள் என்று நான் சொன்னது தப்பு. கேட்டுவிட்டு யாராவது செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

ஒரு சந்தேகம், பட்டறை அண்ணனிடம்: பச்சை கூலண்ட் ஓடுகிற வண்டியில் ரோஸ் கலர் ஊற்றலாமா? கடையில் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.


தர்மபுரி பட்டறை:

நிறத்தை நம்பாதீர்கள் தம்பி. நிறம் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடும். வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். கலந்து ஊற்றாதீர்கள். வகை மாறினால் சிலது உள்ளே கூழாகக் கட்டிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதை முழுசாக இறக்கி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஊற்றுங்கள்.

சந்தூர் தம்பி, புது பம்ப் போட்ட வண்டியில் உள்ளே காற்று தங்கியிருக்கலாம். இன்னும் இரண்டு வாரம் அந்த மார்க்கர் கோட்டைப் பாருங்கள். முதல் வாரம் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம், அதற்கு மேலும் இறங்கினால் உடனே கொண்டுபோங்கள்.


சந்தூர் நர்சரி:

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா. முதல் ஞாயிறு நூல் அளவு இறங்கியது, நேற்று கோட்டிலேயே நிற்கிறது. நாளை மறுநாள் அம்மாவுக்கு சேலம். டிக்கியில் இரண்டு லிட்டர் கூலண்ட் கேன் வைத்திருக்கிறேன். திரும்பும்போது வெயில் இறங்கியபிறகு கணவாய் ஏறலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.