மரங்களைக் கலைத்து இரண்டு வருடம் ஆகியும் பைன் தோப்பில் சருகு குறையவில்லையே, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒரு பைன் தோப்பில் மூன்றில் ஒரு பங்கு மரங்களை வெட்டிக் கலைத்து இரண்டு வருடம் ஆகிறது. மரம் குறைந்தால் விழும் ஊசியிலையும் குறையும், வெயில் உள்ளே வந்தால் கிடப்பதும் சீக்கிரம் மக்கும், சருகு மெத்தை மெலிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் கிளறிப் பார்த்தால் மேலே மொறமொறவென்று காய்ந்து அப்படியே கிடக்கிறது, சில இடங்களில் முன்பைவிடத் தடிமனாகவே இருக்கிறது. எங்கே தப்பாக யோசித்தேன்?

பதில் 1:
வெட்டிய மரங்களின் கிளைகளையும் நுனிகளையும் அங்கேயே போட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் பாதி விடை அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக விழ வேண்டியது ஒரே நாளில் தரைக்கு வந்துவிட்டது. அதில் பச்சை ஊசிகள் ஓரளவு வேகமாக மக்கிவிடும், ஏனென்றால் தானாக உதிரும் ஊசியிலிருந்து மரம் நைட்ரஜனில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வெட்டிய கிளையில் அது அப்படியே இருக்கும். குச்சிகள்தான் கிடந்துகொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டோம். இன்னொன்று, மேலே காய்ந்திருந்தாலும் ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே ஈரமாக, வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறது.

பதில் 2:
அந்த வெள்ளை நூல் நல்ல அறிகுறி. மரம் குறைந்ததால் இலைக்கூரை தடுக்கும் மழை குறைகிறது, வேர் உறிஞ்சும் நீரும் குறைகிறது, அதனால் அடியில் ஈரம் கூடும். ஆனால் அதே இடைவெளி வழியாக வெயிலும் காற்றும் வந்து மேல் அடுக்கைக் காயவைத்துவிடும், காய்ந்த ஊசியில் பூஞ்சை வேலை செய்யாது. பைன் ஊசி மெழுகு பூசியது, லிக்னின் என்ற எளிதில் மக்காத கடினப் பொருள் அதிகம், நைட்ரஜன் குறைவு, நிழலிலேயே மெதுவாகத்தான் மக்கும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் கலைத்தால் தரை சூடேறி மக்குவது வேகமாகலாம், வறண்ட இடத்தில் மேலடுக்கு இன்னும் மந்தமாகலாம். ஒரே விடை எல்லாத் தோப்புக்கும் பொருந்தாது.

பதில் 3:
தடிமனை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். விழுவது எவ்வளவு, மக்குவது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்தி வலைத்தட்டுகளைக் கட்டி விழுவதை மாதாமாதம் எடுத்துக் காயவைத்து நிறுங்கள். அப்புறம் எடை போட்ட ஊசிகளை நைலான் வலைப்பைகளில் போட்டு, கலைத்த பகுதியிலும் கலைக்காத பகுதியிலும் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை சில பைகளை எடுத்து எடை இழப்பைப் பாருங்கள். கலைக்காத பகுதி இல்லாமல் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

வேரையும் மறக்க வேண்டாம். நியூசிலாந்தில் ரேடியாட்டா பைன் தோப்பில் மரவேரோடு சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சைகளை விலக்கிப் பார்த்தபோது சருகு வேகமாக மக்கியது என்று ஆய்வாளர்களான காட்கில் தம்பதி 1971இல் எழுதினார்கள். வெட்டிய மரங்களின் வேர்கள் செத்து அந்தப் பூஞ்சைகளும் குறையும்போது அப்படி நடக்க வாய்ப்பு உண்டு, ஆனால் எல்லாக் காடுகளிலும் இது தெரிவதில்லை.

பதில் 2:
சேர்த்து ஒன்று: சில வருடத்தில் மீதி மரங்களின் கிளைகள் பரந்து சருகு விழுவது மறுபடி ஏறும். அதற்குள் வெளிச்சத்தில் புல்லும் அகன்ற இலைச் செடிகளும் முளைத்தால் பிடுங்கிவிடாதீர்கள், அவற்றின் மென்மையான சருகு ஊசியோடு கலந்தால் மண்புழுவுக்கும் பூச்சிக்கும் தீனி கிடைக்கும்.