“இன்னும் சுகமாகலையா?” – நீண்ட நாள் நோயோடு சபைக்குப் போகிறவர்கள் மனதில் நிற்கிற ஒன்றைச் சொல்லுங்கள்

பாளை டீச்சர்

ஜெபக் குறிப்பாக இதை எழுதவில்லை. நான்கு மாதமாக ஒன்று உறுத்துகிறது, எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும்.

எனக்கு முடக்குவாதம், 11 வருஷம். மூட்டுகள் வீங்கி இறுகிப்போகிற நோய். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து, மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வெளியூர் ஊழியர் ஒருவர் வந்தார். முடிவில் என்னை நடுவில் உட்காரவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார். அதுவரை சரி. கண்ணைத் திறந்ததும், “விசுவாசத்தோட கையை மூடுங்கம்மா” என்றார்.

முப்பது பேர் பார்க்கிறார்கள். அதில் என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர். பக்கத்து வீட்டு இந்துப் பெண் ஒருத்தி, நான் கூப்பிட்டு முதல்முறையாக வந்தவள். மூடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்தும்வரை மூடினேன். “ஸ்தோத்திரம்!” என்று வீடே அதிர்ந்தது.

அன்று இரவு குளியலறைக் குழாயைத் திறக்க முடியவில்லை. வீட்டுக்காரரை எழுப்பினேன். திறந்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஊழியர்மேல் கோபம் இல்லை. நான் ஏன் மூடினேன்? சுகமாகாத கையைச் சுகமானதாகக் காட்டினால் அது பொய்ச்சாட்சிதானே? அதற்கப்புறம் நான் திருவிருந்துக்கு எழுந்துபோகவில்லை. முழங்கால் வலி என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். காரணம் அது இல்லை.

திங்கள் புதன் வெள்ளி

டீச்சர், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னுடையதைச் சொல்கிறேன்.

பெயரிலேயே தெரிந்திருக்கும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆறாவது வருஷம். இடது கையில் ஃபிஸ்டுலா, ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம். ஊசி பழகிவிட்டது, நான்கு மணி நேரம் அசையாமல் கிடப்பதும் பழகிவிட்டது. பழகாதது தாகம். எனக்குச் சிறுநீர் நின்றுவிட்டது, குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும், நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். அதனால் நாளைக்கு 800 மில்லி. குழம்பு, மோர், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய வெள்ளி. கோயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மும்மணி ஆராதனை, எனக்கும் அதே நேரம் மெஷின். சிறுவயதிலிருந்து தவறவிட்டதில்லை. போனில் ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை வரும்போது மெஷின் இரண்டு லிட்டருக்குமேல் உறிஞ்சியிருந்தது. நாக்கு அட்டை மாதிரி இருந்தது. “தாகமாயிருக்கிறேன்.”

பிரசங்கியார் அது ஆத்துமதாகம், மக்களின் இரட்சிப்புக்கான தாகம் என்று விளக்கினார். தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நான் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன். இயேசுவுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. வாய் காய்ந்துபோய், தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். 40 வருஷம் கேட்ட வார்த்தை, அன்றுதான் எனக்குக் கேட்டது. அழுதுவிட்டேன்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பாய், எழுபது வயதிருக்கும். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், தம்பிக்கு பிபி இறங்குது போல, பாருங்க” என்று சத்தம் போட்டார். இல்லை என்று தெரிந்ததும், தம்ளரில் வைத்திருந்த ஐஸ் கட்டிகளில் ஒன்றைக் கரண்டியால் எடுத்து நீட்டினார். “சின்னதுதான், கணக்குல வராது.” அவருக்கும் அளவுதான், அது அவருடைய பங்கு. வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அவர் இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை, பாய் என்றே கூப்பிட்டிருக்கிறேன். அதுதான் என்னை விடவில்லை.

யெகோவாயீரே 7

சகோதரிக்கும் சகோதரனுக்கும் ஸ்தோத்திரம். கண்ணீரோடு வாசித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சுகமளிக்கும் ஊழியத்தை நாம் இப்படிப் பொதுவில் பேசும்போது பலவீனமான விசுவாசிகள் இடறிவிடக்கூடும்.

என் அம்மாவுக்கு ஆஸ்துமா. 1998ல் ஓர் இரவு, மழை, வண்டி கிடைக்கவில்லை, உதடு நீலமாகிவிட்டது. அப்பா சமையல் எண்ணெயை எடுத்து நெற்றியில் பூசி, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிற யாக்கோபு 5ஐ வாசித்து ஜெபித்தார். விடியும் முன் மூச்சு சீரானது. அதன்பின் அந்த அளவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

டீச்சர் அவர்களே, நீங்கள் கையை மூடியது பொய் அல்ல, அது விசுவாசச் செயல். இயேசு ஆசாரியரிடம் அனுப்பிய பத்துக் குஷ்டரோகிகளும் போகும்போதுதான் சுத்தமானார்கள், நின்ற இடத்தில் அல்ல. அதனால் சோர்ந்துபோகாதீர்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து சங்கீதம் 103ஐ வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் அல்ல. வெள்ளிதோறும் ஒருவேளை உபவாசம் இருங்கள். “என் நோய்” என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் அதை நமக்குச் சொந்தமாக்கிக்கொள்கிறோம். வீட்டில் மன்னிக்காத ஆள் யாராவது இருக்கிறார்களா என்று ஆராய்ந்து பாருங்கள், பழைய கசப்பு மூட்டுகளில் இறங்குவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். உணவில் புளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு குறையுங்கள். முடக்கத்தான் கீரை தோசை வாரம் மூன்று நாள் சாப்பிடுங்கள். டயாலிசிஸ் சகோதரனுக்கு இளநீர் நல்லது, உடம்புச் சூட்டைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்மறையான பேச்சை விட்டு விலகி, துதியில் நிலைத்திருங்கள். நானும் உங்கள் இருவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்.

திங்கள் புதன் வெள்ளி

அண்ணா, அன்புக்கு நன்றி. இளநீர் மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகும். ஜெபியுங்கள், அது வேண்டும்.

பென்சில் பெட்டி

யெகோவாயீரே அண்ணனுக்குத்தான் இது. கோபமாக இருந்தால் மன்னியுங்கள்.

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய், 6 வயதில் வந்தது. இது பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை மாதிரி இல்லை, உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும். 1921ல் இன்சுலினைக் கண்டுபிடிக்கும் முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு வருஷத்துக்குமேல் தாங்கியதில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், மூன்று நாள் உபவாச ஜெபத்தில் “ஊசியை நம்புறீங்களா, உன்னதமானவரை நம்புறீங்களா” என்று கேட்டபோது என் வாய் அடைத்துவிட்டது. மாமியார் ஊசிப்பெட்டியை எடுத்து பீரோவில் வைத்தார். நான் தடுக்கவில்லை. 

இரண்டாம் நாள் வாந்தி. மூச்சு இழுத்து இழுத்து விட்டான். வாயில் அழுகிய பழ வாசனை. அந்த வாசனை எனக்குத் தெரியும், நோய் கண்டுபிடித்த அன்றும் அதே வாசனைதான். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐசியுவில் நான்கு நாள்.

பிழைத்தான். இப்போது 13 வயது, எங்கள் தெருவில் அவன்தான் வேகமாக சைக்கிள் ஓட்டுவான். நான் சொல்ல வந்தது வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியைப் பற்றி. தொடையில் ஊசி போடச் கால்சட்டையைத் தூக்கியவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அம்மா, நான் ஊசி போட்டா இயேசு கோவிச்சுக்குவாரா?”

அவனுக்கு அப்போது 8 வயது. இல்லைடா என்றேன். எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் எசேக்கியா ராஜாவின் கதையைச் சொன்னேன். கர்த்தர் அவருக்கு 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார், அதே வேளையில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னார். “அப்போ மருந்தும் அவர்தான் குடுத்தாரா?” என்று கேட்டுவிட்டுத் தொடையைக் காட்டினான்.

“என் நோய்” என்று சொல்லாதே என்கிறீர்கள். என் பிள்ளை அதைத் தன்னுடையது என்று தெரிந்துகொண்டால்தான் பள்ளிக்கூடத்தில் ஊசியை மறக்காமல் போடுவான்.

கடற்கரைத் தெரு

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடிப் பக்கம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், அன்றுதான் உலக நோயாளர் தினமும். கோயிலில் எல்லா நோயாளிகளுக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார்கள். அப்பா வர மறுத்தார். பழைய ஆள் இல்லையா, அதைச் சாகிறவனுக்குப் பூசுகிற எண்ணெய் என்றே நினைத்திருந்தார். “என்னை அனுப்பிவைக்கப் பாக்குறீங்களா?” என்றார். இப்போது அப்படி இல்லை, நோயோடு வாழ்கிறவர்களுக்கும் உரியது என்று சொல்லிக் கூட்டிப்போனோம்.

மாத்திரையின் பிடி இறங்குகிற நேரம். வலது கை ஆடு ஆடென்று ஆடியது. பங்குச் சாமியார் நெற்றியில் பூசினார். உள்ளங்கையில் பூசவேண்டும், கை நிற்கவில்லை. வழக்கமாக எல்லோரும் என்ன செய்வார்கள், இறுக்கிப் பிடிப்பார்கள். நானும் அதைத்தான் செய்வேன். சாமி பிடிக்கவில்லை. தன் கையை அப்பா கைக்குக் கீழே கொடுத்து, அதோடு சேர்ந்து ஆடவிட்டார். இரண்டு கையும் ஒன்றாக ஆடின. அப்படியே சிலுவை வரைந்தார்.

அன்றிலிருந்து நான் அப்பாவின் கையை அழுத்திப் பிடிப்பதில்லை.

சூரைச்செடி

லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். 29 வயது. எட்டு வருஷமாக. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லத் தோன்றுகிறது. பென்சில் பெட்டி அக்கா சொன்னதற்கு நூறு ஆமென்.

எனக்கு நடந்தது டோனாவூரில். சபை வாலிபர் கூட்டத்தோடு போயிருந்தோம். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி இங்கே தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். 1931ல் விழுந்து அடிபட்டார், 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். தன் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறார்கள். அதன் முன்னால் நான் வெயிலுக்குக் குடை பிடித்து நிற்கிறேன், வெயில் பட்டால் எனக்குத் தோல் பொரிந்துவிடும். எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் தோளில் கைவைத்துச் சொன்னார்: “பாத்தியா, 20 வருஷம் படுக்கையில இருந்தே எவ்வளவு புத்தகம் எழுதினாங்க. நீயும் சும்மா இருக்காதே.”

அவர் என்னை உற்சாகப்படுத்தத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். நான் அன்று காலை பஸ் ஏறுவதற்காக முந்தின இரண்டு நாள் தூங்கியே கழித்திருந்தேன். பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்து இளைப்பாறுகிற ஆளிடம் இருபது வருஷத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அம்மா எழுதினார்கள், அது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எழுதாமல், பாடாமல், சாட்சி சொல்லாமல், மாத்திரை போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறவர்களும் கர்த்தருடைய பிள்ளைகள்தானே? பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதுகிறார். ஏன் சுகமாகவில்லை, அங்கே என்ன செய்தான் என்று ஒன்றும் இல்லை. அந்த வரி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தீராது.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ், போதும், சாகவேண்டும் என்று படுத்தபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் திட்டவில்லை, மறுபடியும் சாப்பாடு கொடுத்தான். இதைத்தான் அந்த அக்காவிடம் சொல்லியிருக்கவேண்டும். அன்று “சரிக்கா” என்று மட்டும் சொன்னேன்.

யெகோவாயீரே 7

பென்சில் பெட்டி சகோதரிக்கு: மருந்தை நிறுத்தச் சொல்கிறவன் நான் இல்லை. அம்மாவும் கடைசிவரை இன்ஹேலர் வைத்திருந்தார்கள், அதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். உங்கள் மகன் கேட்ட கேள்வியை வாசித்துவிட்டு இரவு தூங்கவில்லை. சுகத்துக்காக ஜெபிப்பதை நான் விடமாட்டேன். கையை மூடச் சொல்லிக் கேட்கமாட்டேன். இளநீர் பற்றி எழுதியது தவறு, மன்னியுங்கள்.

பாளை டீச்சர்

எல்லோருடையதையும் இரண்டு முறை வாசித்தேன். அண்ணா, நீங்கள் அதை விசுவாசச் செயல் என்றீர்கள். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும். எனக்கு அப்போது விசுவாசம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனேன். அன்று கை சரியாகவில்லை, வலியோடுதான் மூடினேன் என்று சொன்னேன். அவள் உலையை இறக்கிக்கொண்டிருந்தாள். “எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. மறுநாள் நீங்க துணி காயப்போடயில கிளிப்பைப் பல்லால கடிச்சுத் திறந்தீங்கள்ல” என்றாள். நான்கு மாதம் என்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறாள். அப்புறம் என் வீட்டுப் பால் பாக்கெட்டைக் காலையில் அவளே வெட்டிவைத்துவிட்டுப் போகிறாள், நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போனேன். எல்லோரும் முழங்காலில் நிற்க, நான் மட்டும் ஓரமாக நின்றேன். சபை ஐயர் (போதகர்) வந்தபோது பாத்திரத்தைப் பிடிக்க முடியாது என்று சைகை காட்டினேன். அப்பத்தை ரசத்தில் நனைத்து வாயில் வைத்தார். விரல்களை மூடாமல், எப்படி இருந்ததோ அப்படியே விரித்துவைத்திருந்தேன்.