ஏத்தன் (நேந்திரன்) வாழையில் தண்டுத் துளைப்பான்: பிசின் வடிந்த பிறகு என்ன செய்யலாம்?

திருவட்டார் விவசாயி:
ஓணச் சந்தையை மனத்தில் வைத்து ஐப்பசியில் நட்ட ஏத்தன் வாழைகளுக்கு இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. தண்டில் இடுப்பளவு உயரத்தில் குண்டூசி குத்தியது போன்ற துளைகளும், அவற்றிலிருந்து கூழ்போல் வடிந்து பின்னர் பழுப்பாக உறையும் பிசினும் காணப்படுகின்றன. இருமுறை மருந்து தெளித்தும் பயனில்லை. நேற்றுக் கோடைமழையோடு வீசிய காற்றில், குலை தள்ளாத வாழை ஒன்று நடுவில் ஒடிந்து விழுந்தது. அடுத்த வயலில் நிற்கும் மட்டி வாழைக்கும் இது பரவிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

தக்கலை வாழைத்தோட்டம்:
ஒடிந்த வாழையைப் பட்டை பட்டையாக உரித்துப் பாருங்கள், ஐயா. குறுக்கும் நெடுக்குமாகச் சுரங்கங்களும், செம்பழுப்புத் தலையுடன் காலில்லாத வெளிர்நிறப் புழுக்களும், நாரைச் சுற்றிக் கட்டிய கூடுகளும் இருந்தால் அது தண்டுக் கூன்வண்டுதான். வண்டு பட்டைக்குள்ளே முட்டையிடுவதாலும், புழு வெளியே வராமல் உள்ளேயே தின்று வளர்வதாலும், மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. ஏத்தனைத்தான் அது மிகவும் விரும்பும் என்றாலும், மட்டி தப்பிவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

பிசின் பெருகி, தண்டு அழுகத் தொடங்கிய வாழைகளைத் தயங்காமல் கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி அழித்துவிடுங்கள். குலை வெட்டிய தண்டை வரப்போரம் சாய்த்துவிடும் நம் வழக்கந்தான் உண்மையான கேடு. அடுத்த பருவத்து வண்டுகள் அந்தத் தண்டிலேயே பெருகுகின்றன.

குலசேகரம் இயற்கை உழவு:
மீதமுள்ள வாழைகளில் சருகையும் காய்ந்த பட்டையையும் உரித்து, பக்கக் கன்றுகளை நீக்குங்கள். நோயற்ற தண்டை இரண்டடி நீளத்துக்கு வெட்டி நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்புறம் மண்ணைப் பார்க்கும்படி ஏக்கருக்கு 25 முதல் 40 இடங்களில் வையுங்கள். வெட்டுப்புறத்தில் பிவேரியா பாசியானா பூஞ்சணத்தைப் பூசினால், வாசனைக்கு வரும் வண்டுகள் நோயுற்று மடியும். பூசாவிட்டால் அடிக்கடி புரட்டிப் பார்த்து வண்டுகளைப் பொறுக்கி அழிக்க வேண்டும். தண்டு காய்ந்ததும் புதியது மாற்ற வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், நம் மரச்சீனி (மரவள்ளி) இலையிலிருந்தே 'மென்மா' என்னும் உயிரிப் பூச்சிக்கொல்லியை உருவாக்கியிருக்கிறது. அதைத் தண்டுக்குள் செலுத்தும் முறையை அங்கேயே கேட்டறிவது நல்லது. குலை தள்ளிய வாழையில் நச்சு மருந்தை ஊசியால் ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது நாம் உண்ணும் காய்.

திருவட்டார் விவசாயி:
உரித்துப் பார்த்தேன், நான்காவது பட்டைக்குள் ஏழு புழுக்கள் இருந்தன. சென்ற ஆண்டுத் தண்டுகள் வாய்க்கால் ஓரத்தில் இன்னும் கிடக்கின்றன. நாளைக் காலை முதலில் அவற்றைத்தான் நறுக்கப் போகிறேன்.